ஒரு குடம் போதும் என்பவர்கள்

மருந்து அடிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு, அந்த வேலையை விட்டு வெளியே வந்துவிட்ட ஒருவன் எழுதுவது.

போன மாதம் நல்லம்பள்ளியில் நடந்த உங்கள் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். எழுந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டாலும் எனக்கு இதே கதைதான். பதில் தெரியும், வாய் வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேசாதவனுக்குள் சேர்ந்து கிடப்பது அதிகம்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் 'டைலூஷன், டைலூஷன்' என்றார்கள். நீங்கள் தலையாட்டிய வேகத்தைப் பார்த்தபோது கழுத்து சுளுக்கிக்கொள்ளுமோ என்று கவலையாக இருந்தது. டீ குடிக்கும்போது, சொந்தமாக ட்ரோன் வாங்கியிருக்கும் ஒருவரிடம் மெதுவாகக் கேட்டேன், அப்படியென்றால் என்ன என்று.

"மருந்துல தண்ணி கலக்கறதுங்கண்ணா. வேற என்னா?"

வேறு என்ன என்று அவர் கேட்டது நல்ல கேள்வி. அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை, டீக்கு வடை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் சொல்கிறேன்.

பால் ஊற்றுகிறவர் தண்ணீர் கலந்தால் அதற்குத் திருட்டு என்று பெயர். எங்கள் தெருவில் வீடு கட்டிய கொத்தனார், கலவை இழுக்கக் கை வலிக்கிறது என்று தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கஞ்சி போல ஆக்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர், நைசாக வருகிறது என்று பாராட்டி டீ வாங்கிக் கொடுத்தார். இப்போது அந்தச் சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடித்தால் ஆணியோடு சுவரும் வருகிறது. ஓமியோபதி மருந்தில் கரைக்கக் கரைக்க வீரியம் ஏறும் என்கிறார்கள். என் தங்கை அந்த வெள்ளை உருண்டைகளைச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கிறாள், எனக்கு அதில் கருத்து இல்லை. பத்திரிகைக்காரர்கள் வழக்கு நீர்த்துப்போனது, சட்டம் நீர்த்துப்போனது என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் குடிநீர்க் குழாய் கேட்டு ஒரு மனு எழுதினோம். அதைப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வாங்கித் திருத்தினார்கள். கடைசியில் அது அதிகாரியின் உடல்நலத்தை விசாரிக்கும் கடிதம் போல ஆகிவிட்டது. குழாய் வரவில்லை.

நம் தொழிலில் மட்டும் தண்ணீர் கலப்பது குற்றமில்லை. அதுதான் வேலையே. பாட்டிலில் இருப்பதை அப்படியே ஊற்றினால் செடி கருகும். ரொம்பக் கரைத்தால் பூச்சி குளித்துவிட்டுப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அதைப் பிடிக்கத்தான் நம்மைக் கூலி கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். பாட்டில் மேல் அளவு போட்டிருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் படிப்பது பாட்டிலை அல்ல, மூடியை. டேங்குக்கு ரெண்டு மூடி. எந்த மருந்தாக இருந்தாலும் ரெண்டு மூடி. ஒரு கம்பெனி மூடி சுண்டுவிரல் அளவு, இன்னொரு கம்பெனி மூடி டீ கிளாஸ் அளவு என்பதெல்லாம் இவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. இதற்கு மேல் நிலத்துக்குச் சொந்தமான காட்டுக்காரர் வந்து வரப்பில் நிற்பார்.

"இன்னொரு மூடி சேத்து ஊத்துப்பா. நம்ம காடு."

கல்யாணப் பந்தியில் சொந்தக்காரருக்கு இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொல்வது போலச் சொல்வார். ஊற்றாவிட்டால் அவருக்கு மரியாதை செய்யவில்லை என்று கோபம். ஊற்றுகிற மேஸ்திரிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் ஊரில் நல்ல பெயர்.

ட்ரோன் வந்ததும் இது மாறிவிடும் என்று நினைத்தேன். மாறவில்லை, உயரத்துக்குப் போய்விட்டது. ட்ரோனில் ஊற்றும் தண்ணீர் மிகக் கொஞ்சம், அதனால் அந்தக் கரைசல் மிகக் கெட்டி. காற்றில் தூசி மாதிரி இறங்குவதால் செடி தாங்குகிறது. இது உங்களுக்கே சொல்லிக் கொடுத்ததுதான். உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், அடித்து முடித்தபின் டேங்கில் மீதி இருந்ததைப் பார்த்து, வீணாகப் போகிறதே என்று காட்டுக்காரரின் முதுகு டேங்கில் ஊற்றிக் கொடுத்தார். அந்த மனிதர் தண்ணீர் சேர்க்காமல் அதை ஓரத்துச் சாமந்திக்கு நனைய நனைய அடித்தார். பூவெல்லாம் ஓரம் கருகின காகிதம் போல ஆனது. கேட்டதற்கு நம்மவர் சொன்ன பதில், "வெயிலுங்க."

வெயில் தருமபுரிக்கு நேற்றுத்தான் வந்ததா? சாமந்தி அதற்கு முந்தைய நாள் வரை வெயிலில்தான் நின்றது.

மருந்தைத் தப்பாகக் கரைத்தால் ஒரு காடு போகும். பதிலைக் கரைத்தால் எல்லாக் காடும் போகும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. மாதம்மாள் என்கிற அம்மாவின் தக்காளிக் காட்டில் பார்த்தேன்.

அப்போது நாங்கள் நாலு பேர் ஒரு செட். மேஸ்திரி, மருந்து பீச்சும் கன் பிடிக்கும் சின்னராஜ், அதன் ஓஸ் குழாயை இழுக்கும் கோவிந்தன், பேரலில் மருந்து கலக்கும் நான். இன்ஜின் பம்பு, நீல பேரல், நீண்ட ஓஸ் எல்லாம் மேஸ்திரியுடையவை. எனக்கு அவர் வைத்த பெயர் ஊமையன். அவருக்கு வாய் அதிகம். தண்ணீரைப் பற்றி அவருக்கு ஒரு தனிச் சித்தாந்தம் இருந்தது. எந்தத் தப்பையும் தண்ணீர் கரைத்துவிடும் என்பதுதான் அது.

ஒரு நாள் மக்காச்சோளக் காட்டில் களை மருந்து அடித்தோம். அந்த மருந்து சோளத்தை ஒன்றும் செய்யாது. அகலமான இலை உள்ள செடிகளை மட்டும் முறுக்கிச் சுருட்டிக் கொல்லும். தக்காளியும் அகல இலைதான். தக்காளிக்கு அந்த மருந்தின் வாசனையே ஆகாது என்று நம் வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். மேஸ்திரிக்கும் தெரியும். அந்த மருந்து அடித்த பேரலையும் ஓஸையும் சோப்புத் தூள் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். முடிந்தால் அதற்கென்று தனிப் பேரல் வைத்துக்கொள்ள வேண்டும். மேஸ்திரி ஒரு குடம் தண்ணீரை உள்ளே ஊற்றினார், உருட்டினார், கவிழ்த்தார். வேலை முடிந்தது.

நான் பேரலுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தேன். ஆஸ்பத்திரியும் தார் டின்னும் சேர்ந்த மாதிரி அந்த வாசனை அப்படியே இருந்தது.

"இன்னொருக்கா அலசிரலாங்களா?" என்றேன்.

"ஏண்டா ஊமையா, டீக்கடையில ஒரே கிளாஸ சும்மா ஒரு முக்கு முக்கிட்டு ஊரெல்லாம் ஊத்தறான். குடிக்கிறீல்ல? செத்தா போயிட்ட?"

சின்னராஜ் சிரித்தான். கோவிந்தன் ஓஸைச் சுற்றி வண்டியில் போட்டான். அந்த ஓஸுக்குள்ளும் மருந்து நின்றுகொண்டிருந்தது. அதற்கு அந்த ஒரு குடமும் இல்லை. பேரலும் ஓஸும் அவருடையவை, வண்டியும் அவருடையது. மறுநாள் அதே பேரலில் மாதம்மாள் காட்டுக்குப் பூச்சி மருந்து கலந்தோம்.

மாதம்மாளுக்கு இரண்டு ஏக்கர். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை. பாகம் பிரிந்தபின் அந்த அம்மாள் தனியாகப் பயிர் வைத்த முதல் போகம் அது. தக்காளி பூ எடுத்திருந்தது. போர்வெல் தண்ணீர் அந்த ஒரு போகத்துக்குத்தான் தாங்கும் நிலையில் இருந்தது. அது போய்விட்டால் மறுபடி நட்டு வளர்க்கத் தண்ணீர் கிடையாது. மழை வரும் வரை காடு சும்மா கிடக்க வேண்டியதுதான். இதை அந்த அம்மாளே எங்களிடம் சொல்லி, பாத்து அடிங்க என்று கும்பிட்டுவிட்டு, காலை பஸ்ஸுக்குத் தருமபுரி போய்விட்டார். திரும்பி வந்தபோது முழுக் காடும் அடித்து முடித்திருந்தோம்.

சில நாள் கழித்து மேஸ்திரிக்குப் போன் வந்தது. போனிலிருந்து கத்தல் எங்களுக்கே கேட்டது. நாலு பேரும் போனோம்.

கிழக்கு ஓரத்தில் தண்டெல்லாம் பாம்பு மாதிரி வளைந்து, இலை கோழிக்கால் போல ஒடுங்கிப் போயிருந்தது. உள்ளே போகப் போகச் சுருட்டல் குறைந்தது. மேற்குப் பக்கம் செடி நன்றாக நின்றது. வரப்பில் கூலிக்கு வந்த பெண்கள் நாலைந்து பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதற்கு என்று புரியவில்லை. மருந்துக் கடைக்காரரும் வந்திருந்தார். மாதம்மாள்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்.

"வைரஸ்," என்றார் கடைக்காரர். ஒரு இலையைக் கூடக் கையில் எடுக்கவில்லை. "வெள்ளை ஈ கொண்டாந்து வுட்டுருச்சி. மொத்தத்தயும் புடுங்கி நெருப்பு வெச்சிருங்க. இன்னைக்கே. இல்லாட்டி பக்கத்துக் காட்டுக்கும் போயிரும், அவங்க உங்கள உண்டு இல்லன்னு பண்ணிருவாங்க."

பெண்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

"மேக்கால நல்லாத்தான இருக்குது?" என்றார் மாதம்மாள்.

"இன்னைக்கு நல்லா இருக்கும். நாளைக்கு வந்துரும். காத்து கெழக்க இருந்து அடிக்குதில்ல, ஈ அந்தப் பக்கமிருந்துதான் உள்ள வரும்."

மாதம்மாள் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க அடிச்சதுல ஏதாச்சும் கொளறுபடி இருக்குதுங்களா? இருந்தா சொல்லிருங்க. சண்டை போட மாட்டேன். புடுங்கறதா வேணாமான்னு எனக்கு இப்ப தெரியணும்."

இதை விட நேராக ஒருவர் கேட்க முடியாது. இதற்கு மேஸ்திரி சொன்ன பதிலை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் எந்தக் காலத்திலும் இப்படிப் பேசக்கூடாது என்பதற்காக.

"அப்பிடிச் சொல்ல முடியாதுங்க. மருந்துன்னா நூறு வெதமா இருக்கும். மண்ணு வாகு ஒண்ணு இருக்குது, நாத்து ஒண்ணு இருக்குது, இந்த வருசம் பனியும் ஒரு மாதிரி. எங்க மேல இல்லன்னும் சொல்லல, இருக்குதுன்னும் சொல்லல. எல்லாருமாச் சேந்து பாத்துக்கலாம்."

வரப்பிலிருந்து ஒரு பெண் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சொன்னார். "எலக்சனுக்கு நிக்கலாம் நீயி."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். மாதம்மாள் சிரிக்கவில்லை. வரிசைக்குள் இறங்கி நடக்க ஆரம்பித்தார். கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கு வரை செடி செடியாகப் பார்த்துக்கொண்டே போனார், திரும்பி வந்தார். நாங்கள் வெயிலில் நின்றோம். கடைக்காரர் இரண்டு முறை மணி பார்த்தார்.

"ஈ கடிச்சிருந்தா அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு இருக்கணும்," என்றார் மாதம்மாள். "இது ஓரத்துல மோசம், அடுத்த சாலு கொஞ்சம் தேவலாம், அடுத்தது இன்னும் தேவலாம்னு படிப்படியாப் போவுது. யாரோ ஊத்தி ஊத்திக் கழுவுன மாதிரி இருக்குது. மேஸ்திரி, அன்னிக்கு எந்தப் பக்கமிருந்து அடிக்க ஆரம்பிச்சீங்க?"

நான் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பம்பு வடக்கே போர் பக்கத்தில் நின்றது. அங்கிருந்து ஓஸை எந்தப் பக்கமும் இழுக்கலாம். மேற்கிலிருந்து ஆரம்பித்திருந்தால் எங்கள் பேரலில் கோளாறு இல்லை, நோய்தான், பிடுங்க வேண்டியதுதான். கிழக்கிலிருந்து ஆரம்பித்திருந்தால் ஓஸில் நின்றதும் பேரலில் நின்றதும் முதலில் அந்த ஓரத்தில்தான் கொட்டியிருக்கும். பேரல் நிரப்ப நிரப்பக் கரைந்து கரைந்து மேற்கே ஒன்றுமில்லாமல் போயிருக்கும். அப்படியென்றால் மேற்குப் பக்கத்துக்கு ஆபத்தில்லை. ஆரம்பித்த நேரத்தில் மாதம்மாள் பஸ்ஸில் இருந்தார். தெரிந்தவர்கள் நாங்கள் நாலு பேர்தான்.

"மேக்கால இருந்துங்க," என்றார் மேஸ்திரி. கண் சிமிட்டவில்லை.

மாதம்மாள் சின்னராஜைப் பார்த்தார். "ஏம்ப்பா, கன்னு புடிச்சது நீதான?"

"நானு கன்னு மட்டுந்தாங்கக்கா புடிப்பேன். எங்க இழுக்கறாங்களோ அங்க போவேன்."

"இழுத்தது யாரு?"

கோவிந்தன் தலையைச் சொறிந்தான். "நாங்க ரெண்டு பக்கமும் அடிச்சோங்க."

"மொதல்ல எந்தப் பக்கம்?"

"மொதல்லன்னா... அது ஒரு மாதிரி நடுவால இருந்துங்க."

நாலு பேர் சேர்ந்து ஒரு தப்பைத் தூக்கினால் ஒவ்வொருவன் கையிலும் கால்வாசிகூட இருக்காது என்று நம்புகிறார்கள். யார் கையிலும் அது கனக்கவில்லை. கனமெல்லாம் எதிரில் நின்ற அந்த அம்மாளின் தலையில் இருந்தது. மேஸ்திரி கெட்டவர் இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. கோவில் திருவிழாவுக்கு முதலில் பணம் கொடுப்பார். இருக்கட்டும். எனக்கு அவர் அந்த நிமிஷத்தில் நின்ற விதம்தான் ஞாபகம் இருக்கிறது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார், மழை வருமா என்று.

கடைக்காரர் பெண்களைப் பார்த்து, "நேரம் ஆவுது, எறங்குங்க" என்றார். அவர்கள் எழுந்து சேலையைச் செருகிக்கொண்டு மேற்கு வரப்புப் பக்கம் நடந்தார்கள். நிழல் அந்தப் பக்கம் இருந்தது, அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கப் போனார்கள். முதல் பெண் குனிந்து நல்ல செடி ஒன்றைப் பிடித்தார்.

"இருங்க," என்றார் மாதம்மாள். பிறகு என்னைக் கை காட்டினார். "இவரு யாரு? வந்ததுல இருந்து வாயே தொறக்கல."

"அவனுக்குப் பேச்சு வராதுக்கா," என்றான் சின்னராஜ். "ஊமையன்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் நீங்கள் பார்த்தீர்களே, அதே போல. காது சுட்டது. என் கண் அந்தப் பெண்ணின் கையில் இருந்த செடியின் மேல் இருந்தது. அதில் பூவும் இருந்தது, பூவுக்குக் கீழே மிளகளவு காயும் இருந்தது.

"கெழக்கால இருந்துங்க," என்றேன்.

எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஆரம்பித்த பிறகு நிறுத்த வரவில்லை. "முந்தின நாளு சோளத்துக்குக் களை மருந்து அடிச்ச பேரலுங்க. ஒரு கொடம் தண்ணிதான் ஊத்திக் கழுவுனது. ஓஸு கழுவவே இல்ல. கெழக்கு ஓரம் தேறுமான்னு எனக்குத் தெரியாதுங்க. மேக்கால அந்த மருந்து போயிருக்காது."

"டேய்," என்றார் மேஸ்திரி.

அதற்குள் மாதம்மாள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துவிட்டார். செடி வேரோடு பாதி எழும்பியிருந்தது. அதை மறுபடி மண்ணில் அமுக்கிக் காலால் மிதித்துவிட்டார்.

நீங்கள் இப்போது அந்த அம்மாள் எனக்கு நன்றி சொன்னார் என்று எதிர்பார்ப்பீர்கள். என்னைத் திட்டியதுபோல அன்றைக்கு வேறு யாரையும் திட்டவில்லை. "வந்து இத்தன நேரம் ஆச்சி, மரம் மாதிரி நிக்கற. கை காட்டிக் கேட்டாத்தான் சொல்லுவியா? நான் கேக்காம இருந்திருந்தா? வாய வூட்டுலயா வெச்சிட்டு வந்த?" ஒருமையில்தான் பேசினார். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

பேச்சு எப்படித் திரும்பியது என்பதையும் பாருங்கள். கடைக்காரர், "நான் பொதுவாச் சொன்னதுங்க, நீங்க ஒருக்கா ஆபீசருங்களக் கூப்ட்டுக் காட்டிருங்க" என்று சொல்லிக்கொண்டே வண்டியை உதைத்தார். கோவிந்தன், "இப்ப யோசிச்சாக் கெழக்கு மாதிரியும்தான் தெரியுது" என்றான். மேஸ்திரி, "இவன் சொல்றான்னா அப்பிடியும் இருக்கலாம். ஆனா ஒரு பேரல்ல எவ்வளவு இருந்துரப் போவுது?" என்றார். கண் முன்னால் காடு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு இருந்துவிடப் போகிறது என்று கேட்கிறார்.

மாதம்மாள் பெண்களை அனுப்பிவிட்டார். கிழக்கு ஓரத்து மூன்று வரிசைகளை மட்டும் பிறகு அவரே பிடுங்கினார். அவை தேறவில்லை. நடுவில் இருந்தவை கொஞ்ச நாள் அப்படியே நின்று, பிறகு நுனியில் நேரான இலை விட்டன. பூ உதிர்ந்து மறுபடி வைத்ததால் காய் பிந்தி வந்தது. மேற்குப் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. பெட்டி பெட்டியாகப் பறித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டது யாரிடம் என்றால் மேஸ்திரியிடம்தான். வீணாகப் போக இருந்த தக்காளியைத் தான் ஒரு டானிக் அடித்துத் தேற்றியதாக டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை.

எனக்கு அந்த செட்டில் அன்றைக்கே வேலை போனது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, மற்ற செட்டுக்காரர்களும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "கூட இருந்துகிட்டே காட்டிக் குடுக்கறவன்" என்றார்கள். காடு போக இருந்தவர் பக்கத்து ஊர்க்காரர்தான், ஆனால் அவர்களுக்கு நான் காட்டிக் கொடுத்தது பெரிதாகத் தெரிந்தது. மொரப்பூர்ப் பக்கம் மாமனார் ஊரில் கொஞ்ச காலம் கூலிக்குப் போனேன். பிறகு ஒரு பழைய பம்பு வாங்கி, இரண்டு பேரல் வாங்கினேன். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. களை மருந்து சிவப்பில் மட்டும். ஓஸும் இரண்டு. வண்டியில் இரட்டைச் சுமை என்று கேலி செய்தார்கள். செய்யட்டும். டாக்டர் என் நெஞ்சைப் பார்த்துவிட்டு மருந்து வாசனையே கூடாது என்று சொல்கிற வரை அந்தச் சுமையோடுதான் ஓட்டினேன்.

புதுப் பம்போடு நான் தனியாக நின்ற முதல் சில வாரங்கள் ஒருவரும் கூப்பிடவில்லை. பிறகு ஒரு போன் வந்தது. மாதம்மாள். அடுத்த போகமும் தக்காளி வைத்திருக்கிறார், மருந்து அடிக்க வேண்டும் என்றார். சந்தோஷத்தில் நான் சீக்கிரமே போய்விட்டேன். நீல பேரலை இறக்கினேன். வரும் முன் கழுவியிருந்தாலும் அங்கேயும் சோப்புத் தூள் போட்டு அவர் பார்க்கக் கழுவினேன்.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். முடித்ததும், கடைசியாகக் கழுவின தண்ணீரைக் கொட்ட வேண்டாம் என்றார். வீட்டுப் பக்கம் போய், பழைய பெயிண்ட் டப்பாவில் வளர்த்த இரண்டு தக்காளிச் செடிகளைத் தூக்கி வந்து முன்னால் வைத்தார்.

"அந்தத் தண்ணிய ஓஸு வழியா இதுக்கு அடிங்க."

அடித்தேன்.

"நாலஞ்சு நாளு போவட்டும். இது நேரா நின்னா போன் பண்றேன், வந்து காட்டுக்கு அடிங்க. பம்பும் பேரலும் இங்கயே இருக்கட்டும். வேற எங்கயும் எடுத்துட்டுப் போவ வேணாம்."

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. இந்த முறை யாரும் கேட்காமல் நானாக வாயைத் திறந்தேன். "என்னையுமா நம்பலீங்க?"

"நீங்க நல்லவருதான்," என்றார் மாதம்மாள், டப்பாக்களை நிழலுக்கு நகர்த்திக்கொண்டே. "பேரலு எப்பிடின்னு எனக்குத் தெரியாதில்ல."

பம்பை வண்டியோடு அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.